படிந்துபோகும் மெல்லிய முடிக்கு எந்த ஷாம்பு? செட்டிநாட்டுத் தண்ணீரையும் கணக்கில் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

காலையில் தலைக்குக் குளித்து, காயவைத்து, சீவிக் கிளம்பினால் பத்து மணிக்குள் கிளிப் காதுவரை வழுக்கி இறங்கிவிடும். வைத்த மல்லிகைச் சரம் பின்னலை விட்டு நழுவித் தோளில் கிடக்கும். மதியத்துக்குள் வகிட்டின் இருபுறமும் முடி மண்டையோடு ஒட்டி, எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். மெல்லிய முடிக்காரர்கள் இதோடு கடைக்குப் போய்க் கேட்பது பெரும்பாலும் தவறான சரக்கு: "முடி மெலிசா இருக்கு, நல்லா ஊட்டம் குடுக்குற ஷாம்பு குடுங்க." ஊட்டம் என்ற பெயரில் விற்பதில் பாதி, முடிமேல் படியும் பூச்சு. நூலிழை போன்ற முடியைப் படுக்கவைக்க அந்தப் பூச்சின் எடையே போதும்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இதோடு போர் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. அதனால் இங்கே ஷாம்பு தேடும் வேலையைக் குளியலறைக் குழாயிலிருந்து தொடங்குவதே சரி. கடைக்குப் பிறகு போகலாம்.

மெலிசா, அடர்த்தி குறைவா?

இரண்டும் வேறு. ஒவ்வொரு இழையும் மெல்லியதாக இருப்பது ஒன்று. தலையில் இழைகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பது இன்னொன்று. மெல்லிய முடி இருப்பவருக்குத் தலை நிறைய முடி இருக்கலாம், ஆனாலும் படிந்தே கிடக்கும்.

சீப்பில் வந்த ஒரு முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டால் விரலுக்கே தெரியவில்லை என்றால் அது மெல்லிய முடி. சுமாராக 60 மைக்ரானுக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குக்குள் இருக்கும். நரம்புபோல் தட்டுப்பட்டால் தடித்தது. தலையின் முன்பக்கம், உச்சி, பிடரி என மூன்று இடத்து முடியையும் பாருங்கள். முன்பக்கம் மட்டும் மெலிந்திருந்தால் அதன் காரணம் வேறு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

அடர்த்திக்கு, முடியை முழுவதும் பின்னால் சேர்த்து ரப்பர்பேண்ட் போட்டு, அதன் சுற்றளவைத் தையல் டேப்பால் அளவிடுங்கள். 5 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் அடர்த்தி குறைவு. 10-க்கு மேல் என்றால் நல்ல அடர்த்தி. முடியைத் தண்ணீர் டம்ளரில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று வீடியோக்களில் சுற்றுகிறது. முடியில் எண்ணெய்ப் பசை இருந்தாலே மிதந்துவிடும் என்பதால் அதை நம்பி ஒன்றும் வாங்க வேண்டாம்.

மெல்லிய முடி ஏன் சீக்கிரம் பிசுபிசுக்கிறது? தலைத்தோல் சுரக்கும் எண்ணெயின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அதே அளவு எண்ணெய் சுரந்தாலும், மெல்லிய இழைக்கு அதைத் தாங்கும் பருமன் இல்லை. மேலும் நேரான முடியாக இருந்தால் எண்ணெய் வழுக்கிக்கொண்டு நுனிவரை ஓடும். சுருட்டை முடியில் வளைவுகள் தடுக்கும்.

குழாய்த் தண்ணீரைச் சோதியுங்கள்

உப்புத் தண்ணி, நல்ல தண்ணி என்று நம் வீடுகளில் பிரித்துச் சொல்வதிலேயே பாதி விடை இருக்கிறது. கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த கடினநீர் முடியில் மெல்லிய படிவை விட்டுச் செல்லும். தடித்த முடிக்கு அது கொஞ்சம் சொரசொரப்பு, அவ்வளவுதான். மெல்லிய முடிக்கோ பளபளப்பு போய், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கற்றை கற்றையாகத் தொங்கும். வெளியூரிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் இரண்டே மாதத்தில் "ஷாம்பு ஒத்துக்கல" என்று மாற்றிக்கொண்டே இருப்பதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

சோதனை எளிது. ஒரே அளவான இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள். ஒன்றில் 200 மில்லி போர் தண்ணீர், மற்றொன்றில் 200 மில்லி மழைநீர் அல்லது ஆர்ஓ தண்ணீர். சாதாரணக் குளியல் சோப்பிலிருந்து பட்டாணியளவு சுரண்டி இரண்டிலும் போட்டு, மூடி, 15 முறை குலுக்குங்கள். நல்ல தண்ணீரில் நுரை கழுத்துவரை நிற்கும். கடினநீரில் நுரை உட்கார்ந்து, தண்ணீர் பால்போல் கலங்கி, மேலே தயிர்த் திப்பிபோல் மிதக்கும். இதற்கு ஷாம்புவோ துணி பவுடரோ போடக் கூடாது; அவை கடினநீரிலும் நுரைக்கும், வித்தியாசம் தெரியாது.

எண்ணாகவே தெரிய வேண்டுமானால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம். அறிக்கையில் 'மொத்தக் கடினத்தன்மை' என்ற வரியைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. 200-க்குள் என்றால் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாமல் நேரே லேபிளுக்குப் போகலாம். 300-ஐத் தாண்டினால் எந்த ஷாம்பு வாங்கினாலும் கடைசி அலசலுக்கு வேறு தண்ணீர் தேவை.

அந்தக் கடைசி அலசலுக்கு 2 லிட்டர் போதும். குளியல் முழுவதையும் போர் தண்ணீரில் முடித்துவிட்டு, இறுதியாக அந்த 2 லிட்டர் நல்ல தண்ணீரை உச்சியிலிருந்து மெதுவாக ஊற்றினால் படிவு பெருமளவு குறையும். செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்தில் இறங்கும் மழைநீரை அண்டாவில் பிடித்துவைத்தது சும்மா இல்லை. மழைநீரில் கடினத்தன்மை என்பதே கிட்டத்தட்டக் கிடையாது. முதல் மழையை மட்டும் ஓட்டைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையைப் பிடித்து, துணியில் வடித்து மூடி வையுங்கள்.

செய்யக் கூடாத ஒன்று: ஆர்ஓ மெஷினின் கழிவுநீரைக் குளிக்கப் பிடித்து வைப்பது. நல்ல தண்ணீரைப் பிரித்தெடுத்தபின் மிச்சமாகும் அது, போர் தண்ணீரைவிட அதிக உப்பு கொண்டது. வாசல் தெளிக்க, பாத்ரூம் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படிகாரமோ தேற்றான்கொட்டையோ கலங்கலைத் தெளியவைக்கும், கடினத்தன்மையைக் குறைக்காது. கொதிக்கவைத்து ஆறவைத்து மேலாக இறுத்தால் ஓரளவு குறையும். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் தலையில் படிய இருந்தது.

லேபிளில் எதைத் தேடுவது

பாட்டிலின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கமே சரக்கு. எழுத்து பொடியாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சேர்மானங்கள் அதிகம் உள்ளதிலிருந்து குறைவு வரை வரிசையாக இருக்கும். ஆனால் 1 சதவீதத்துக்கும் குறைவானவை எந்த வரிசையிலும் வரலாம். முடியைப் படுக்கவைக்கும் பொருட்கள் பெரும்பாலும் அந்தச் சிறிய அளவில்தான் இருக்கும் என்பதால், கடைசியில்தானே இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலில் பார்க்க வேண்டியது சிலிக்கோன், அதாவது முடிமேல் வழவழப்பாகப் படியும் பூச்சுப் பொருள்: டைமெத்திகோன், டைமெத்திகோனால், அமோடைமெத்திகோன். பெயரின் நடுவிலோ இறுதியிலோ 'மெத்திகோன்' என்று வந்தால் அதுதான். அடுத்தது, பாலிகுவாட்டர்னியம்-10 அல்லது குவார் ஹைட்ராக்சிபுரொப்பைல்டிரைமோனியம் குளோரைடு. பின்னது நம் கொத்தவரை இனத்தின் விதையிலிருந்து வரும் பசையை மாற்றிச் செய்தது. இவை பாட்டிலுக்குள் இருக்கும்வரை கரைந்தே இருக்கும். நாம் தண்ணீர் ஊற்றி அலசும்போது, ஷாம்பு நீர்த்து, இவை பிரிந்து சிலிக்கோனையும் கூட்டிக்கொண்டு முடியில் உட்காரும். அலச அலசப் போய்விடும் என்று நினைப்போம். படிய வேண்டும் என்றே இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். வறண்ட தடித்த முடிக்கு அது வரம். மெல்லிய முடிக்கு மூன்றாவது குளியலிலேயே சுமை.

சிலிக்கோன் இல்லாமல் பாலிகுவாட்டர்னியம் மட்டும் இருந்தால் ஒருமுறை பயன்படுத்திப் பார்க்கலாம்; சிக்கெடுக்க அது கொஞ்சம் உதவும். இரண்டும் சேர்ந்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய், ஆர்கன் எண்ணெய், ஷியா வெண்ணெய் என்று பெருமையாக எழுதியிருப்பவையும், 'சில்க்கி', 'ஸ்மூத்', 'ஆன்டி ஃபிரிஸ்' என்று அச்சிட்டவையும் துள்ளி எழும் முடியை அடக்குவதற்காகச் செய்தவை. உங்கள் முடி ஏற்கெனவே அடங்கித்தான் கிடக்கிறது.

ஷாம்பு கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் நல்ல அறிகுறி. முத்துப்போல் மினுங்கினால் அந்த மினுக்கம் கிளைகால் டைஸ்டியரேட்டால் வருவது. அதனால் மட்டும் பெரிய கெடுதல் இல்லை என்றாலும், மினுங்கும் ஷாம்புகளில் சிலிக்கோன் ஒளிந்திருப்பது வழக்கம்.

இருக்க வேண்டியவை: சோடியம் லாரெத் சல்ஃபேட்டும் கோகமிடோபுரொப்பைல் பீட்டெய்னும் சேர்ந்த அழுக்கெடுக்கும் கலவை நன்றாகவே வேலை செய்யும். சல்ஃபேட் என்றாலே விஷம் என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. அது தலைத்தோல் எரிச்சல் உள்ளவர்களுக்கும், சாயம் பூசியவர்களுக்கும் பொருந்தும். எண்ணெய் வழியும் மெல்லிய தலைக்கு, சல்ஃபேட் இல்லாததைத் தேடிப்போய் எண்ணெயும் பூச்சும் நிறைந்த கிரீம் ஷாம்புவில் மாட்டிக்கொள்வதே அதிகம். தோல் மென்மையானவர் என்றால் சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட், டெசில் குளுக்கோசைடு, டைசோடியம் லாரெத் சல்ஃபோசக்சினேட் உள்ளவற்றைப் பாருங்கள். பான்தினால், ஹைட்ரலைஸ்டு கோதுமைப் புரதம் ஆகியவை இழைக்குச் சற்றே விறைப்பு தரும். அடுத்த குளியலில் போய்விடும் தற்காலிக உதவி. போர் தண்ணீர் வீடுகளுக்கு இடிடிஏ என்ற நான்கு எழுத்து முக்கியம்: கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேற உதவும். பயோட்டினுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். இரண்டு நிமிடம் தலையில் நின்று சாக்கடைக்குப் போகும் வைட்டமின் அது.

பாக்கெட்டில் சோதித்து, பிறகு பாட்டில்

பாக்கெட் ஷாம்புவை ஊரூராகக் கொண்டுபோனதில் கடலூர்க்காரர்களின் பங்கு பெரிது: சின்னி கிருஷ்ணன் குடும்பத்தின் வெல்வெட், பிறகு அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய சிக். ஷாம்பு தேடுபவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான பரிசோதனைச் சாதனம் இல்லை. ஒரு வகைக்கு நான்கு பாக்கெட் வாங்குங்கள். அதே பெயரில் வரும் பாட்டிலின் சேர்மானமும் பாக்கெட்டின் சேர்மானமும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இரண்டின் பின்புறத்தையும் ஒப்பிட்ட பிறகே பாட்டிலுக்குப் போங்கள்.

தொடங்குமுன் பழைய படிவை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஷாம்புவின் குற்றத்துக்குப் புதியது தண்டனை வாங்கும். சிலிக்கோன் இல்லாத, சல்ஃபேட்டும் இடிடிஏவும் உள்ள தெளிவான ஷாம்புவால் ஒரே நாளில் இருமுறை தேய்த்து அலசுங்கள். பிறகு 1 லிட்டர் நல்ல தண்ணீரில் 1 மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து, கண்ணில் படாமல் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் அலசுங்கள். சாயம் பூசிய முடி என்றால் இதில் நிறம் கொஞ்சம் இறங்கும்.

பிறகு ஒரு ஷாம்பு, நான்கு குளியல், சுமார் இரண்டு வாரம். அந்த நாட்களில் எண்ணெய், கண்டிஷனர், தண்ணீர் எதையும் மாற்றாதீர்கள். நாள்காட்டித் தாளிலேயே மூன்று குறிப்பு போதும்: கிளிப் எத்தனை மணிக்கு வழுக்கியது, மாலை 4 மணிக்கு உச்சியில் டிஷ்யூ ஒற்றினால் எண்ணெய் படிகிறதா, மறுநாள் காலை வகிடு அகலமாகத் தெரிகிறதா. முதல் குளியலில் எல்லா ஷாம்புவுமே நன்றாகத்தான் இருக்கும். நான்காவதில் எழுதியதை வைத்து முடிவெடுங்கள். முதல் நாள் எழும்பி நின்று நான்காவதில் படுத்தால் பூச்சு சேர்கிறது. முதல் நாளிலிருந்தே படுத்தால் சரியாக எண்ணெய் எடுக்கவில்லை. வைக்கோல்போல் சிக்கு விழுந்தால் ஷாம்பு கடுமை, அல்லது தண்ணீர்.

தேய்க்கும் முறை

அளவு: கழுத்துவரை முடிக்கு 5 மில்லி, இடுப்புவரை என்றால் 10. அதை ஒரு சிறு சொம்பில் மூன்று மடங்கு தண்ணீர் விட்டுக் கலந்து, தலைத்தோலில் விரல் நுனியால் ஒரு நிமிடம் தேயுங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். தண்ணீர் சேர்ந்ததும் கெடாமல் காக்கும் மருந்து வலுவிழந்து கிருமி வளரும். நுனி முடியைத் தனியாகத் தேய்க்க வேண்டாம், வழியும் நுரையே அதற்குப் போதும். தண்ணீர் வெதுவெதுப்பு போதும். அலசலுக்குத் தேய்த்ததைவிட இருமடங்கு நேரம் கொடுங்கள். பிடரியிலும் காதுக்குப் பின்னும்தான் நுரை தங்கும்.

கண்டிஷனர் வேண்டுமென்றால் ஒரு பட்டாணி அளவு, காதுக்குக் கீழே மட்டும். அதுவும் படுக்கவைத்தால் வரிசையைத் திருப்புங்கள்: முதலில் நுனிக்குக் கண்டிஷனர், பிறகு ஷாம்பு.

சித்திரை வெயிலில் வியர்த்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் தலைக்குக் குளிக்கலாம். அடிக்கடி குளித்தால் முடி கொட்டும் என்பது மூன்று நாள் தேங்கியிருந்த உதிர்ந்த முடி ஒரே நாளில் கையில் வருவதைப் பார்த்து வந்த பயம். தினம் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. தண்ணீர் இல்லாமல் முடியில் தூவும் உலர் ஷாம்பு இந்த ஊர் வியர்வையில் மாவாகக் குழைந்துவிடும். ஏசி அறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்.

துவட்டும்போது முறுக்கிப் பிழியாதீர்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய கண்டாங்கித் துண்டால் ஒற்றி எடுங்கள். குனிந்து, முடியை முன்னால் தொங்கவிட்டு, வேர்ப்பகுதி முக்கால்வாசி காயும்வரை ஃபேனில் நில்லுங்கள். ஈரத்தில் எடுத்த வகிடு காய்ந்ததும் அப்படியே படிந்துவிடும். காய்ந்தபின் வகிடு எடுப்பதும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதை அரை அங்குலம் தள்ளி எடுப்பதும் எந்த ஷாம்புவும் தராத எழுச்சியைத் தரும்.

எண்ணெய்க் குளியலும் சீயக்காயும்

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட வேண்டியதில்லை. அளவைக் குறைத்தால் போதும். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ 2 டீஸ்பூன், முக்கால் மணி நேரம். தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் புகுந்து புரத இழப்பைக் குறைப்பதாக 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் மினரல் ஆயிலுக்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்தப் பலன் தெரியவில்லை. விளக்கெண்ணெய் வேண்டாம். அதை எடுக்க இரண்டு முறை ஷாம்பு போட்டு, எடுத்த பலனையும் இழப்பீர்கள். எண்ணெய்த் தலையில் முதலில் தண்ணீரை ஊற்றாமல், கரைத்த ஷாம்புவையோ சீயக்காயையோ முதலில் போட்டுத் தேய்த்துவிட்டு, பிறகு தண்ணீர் விடுங்கள்.

சீயக்காயில் நுரை தரும் பொருளான சபோனின் சோப்பைப்போலக் கடினநீரில் திரிந்து திப்பியாகாது. இந்த ஊர்த் தண்ணீருக்கு அது பெரிய சாதகம். ஆனால் வீட்டில் அரைக்கும் பொடியில் மெல்லிய முடிக்குப் பகையானவை இரண்டு: வெந்தயமும் செம்பருத்தி இலையும். இரண்டும் தரும் கொழகொழப்புதான் முடியை மெத்தென்று ஆக்குகிறது. அதுவே படுக்கவும் வைக்கிறது. மெல்லிய முடிக்கென்று தனியாக அரைப்பதானால்: சீயக்காய் 500 கிராம், பச்சைப்பயறு 100, பூலாங்கிழங்கு 50, நிழலில் காய்ந்த எலுமிச்சைத் தோல் 50, வெந்தயம் 25-க்கு மேல் வேண்டாம். நன்றாக வெயிலில் காயவைத்து மிஷினில் கொடுத்து, மெல்லிய துணியில் சலித்து வையுங்கள்.

குழைத்து அப்பினால் துகள் முடிக்குள் சிக்கி, காய்ந்தபின் பொடுகுபோல் உதிரும். 2 மேசைக்கரண்டி பொடியை 300 மில்லி சுடுதண்ணீரில் கரைத்து, 15 நிமிடம் ஊறவிட்டு, மல்துணியில் வடித்து அந்தத் தெளிவை மட்டும் பயன்படுத்துங்கள். அதில் அன்றைய வடிகஞ்சி, உப்புப் போடாதது, 50 மில்லி கலந்தால் மாவுச்சத்து இழைக்குச் சற்று முறுக்குத் தரும். கிளிப்பும் பூவும் நிற்கும். சீப்பில் வெள்ளையாகப் பொடி வந்தால் கஞ்சியைப் பாதியாக்குங்கள். அரப்பு (உசிலை இலைப் பொடி) எண்ணெயை இன்னும் நன்றாக இழுக்கும், முடி கொஞ்சம் விறைக்கும். உங்கள் முடிக்கு அந்த விறைப்பு நல்லதே. கண்ணில் பட்டால் மட்டும் இரண்டுமே எரிச்சல்.

சாம்பிராணிக் கூடைமேல் முடியை விரித்துப்போடுவது வேர்வரை காயவைத்து எழுப்பிவிடும். அந்த எழுச்சி பெரும்பாலும் சூட்டின் வேலை. நேரம் நீண்டால் புகைப்பிசின் படியும் என்பதால் இரண்டு நிமிடம் போதும். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் வேண்டாம்.

ஷாம்பு தீர்க்காதவை

பிறவியிலேயே மெல்லிய முடியை எந்த ஷாம்புவும் தடிப்பாக்காது. ஆனால் முன்பு தடிப்பாக இருந்த முடி ஒரு வருடத்தில் மெலிந்தாலோ, முன்பக்கம் மட்டும் மெலிந்திருந்தாலோ, வகிடு நடுவே அகலமாகிக்கொண்டே போனாலோ, அது தோல் மருத்துவர் பார்க்க வேண்டியது. டெங்கு, டைஃபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பிறகு இரண்டு முதல் நான்கு மாதத்தில் கொத்தாக உதிர்வது உண்டு. பெரும்பாலும் தானே நின்று திரும்ப வளரும், மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் என்ற வேகத்தில். தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு இரண்டும் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அரிப்போடு மஞ்சள் செதில் இருந்தால் எண்ணெயை நிறுத்துங்கள். பொடுகை வளர்க்கும் பூஞ்சைக்கு அது தீனி. மருத்துவர் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு எழுதிக் கொடுத்தால், வாரம் இருமுறை, தலைத்தோலில் 3 முதல் 5 நிமிடம் நிற்கவிட்டு அலசுங்கள். அந்த 2 முதல் 4 வாரம் மற்ற ஷாம்புச் சோதனைகள் நிற்கட்டும்.

தேர்ந்தெடுத்த ஷாம்புவையும் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் மறுபடி ஒருமுறை முழுக்க மழைநீரிலேயே போட்டுப் பாருங்கள். அன்று முடி எழும்பி நின்று, அடுத்த வாரம் போர் தண்ணீரில் படுத்தால் ஷாம்புவை மாற்றாதீர்கள். கடைசி அலசலுக்கு எடுக்கும் 2 லிட்டரை 4 லிட்டராக்குங்கள்.